பூச்சியம் எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திய காலத்தில், ஈர்ப்புப் புலக் கணக்கில் (ஒரு நிறை, ஓரிடத்தில் வைத்த ஒரு கிலோகிராமை எவ்வளவு இழுக்கிறது என்பதே புலம்) ஒரே பிழையை ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறேன். ஒரு நிறையின் புலம் 3, மற்றொன்றின் புலம் 4 என்றால் உடனே 7 என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் செங்குத்தாக இழுத்தால் விடை 5. ஒரே கோட்டில் எதிரெதிராக இழுத்தால் 1. புலம் ஒரு திசையன்; அதற்கு அளவோடு திசையும் உண்டு. அம்புக்குறி வரையாமல் கூட்டக் கூடாது.

எதிரெதிர் இழுப்பு சமமானால் புலம் பூச்சியமாகும். பூமிக்கும் நிலவுக்கும் நடுவே அந்த இடம் எங்கே? பூமியின் நிறை நிலவைப்போல் ஏறக்குறைய 81 மடங்கு. இழுப்பு தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 9. ஆகவே இடைப்பட்ட 3,84,400 கிலோமீட்டரைப் பத்துப் பங்காக்கி, பூமியிலிருந்து ஒன்பது பங்கு போனால் போதும். ஈர்ப்பு மாறிலியை எழுதவே வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இதையே சூரியனுக்கும் பூமிக்கும் போடச் சொன்னேன். நிறை விகிதம் சுமார் 3,33,000, வர்க்கமூலம் 577. தொலைவு 15 கோடி கிலோமீட்டர். பூச்சியப் புள்ளி பூமியிலிருந்து 2,60,000 கிலோமீட்டரில் வந்து நின்றது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: "ஐயா, நிலா அதற்கும் அப்பால் அல்லவா இருக்கிறது? அமாவாசையன்று சூரியன் அதைப் பிடுங்கிக்கொள்ளாதா?"

அருமையான கேள்வி. நிலவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இரு மடங்குக்கும் சற்று அதிகமாகவே இழுக்கிறது. ஆனால் அதே சூரியன் பூமியையும் ஏறக்குறைய அதே அளவுக்கு முடுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே சூரியனைச் சுற்றுகின்றன. பூமி எதிர்கொள்ள வேண்டியது சூரியனின் முழு இழுப்பை அல்ல, இரண்டு இடங்களிலும் அது இழுப்பதில் உள்ள சிறு வேறுபாட்டை மட்டுமே.

2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1 என்ற விண்கலம் சுற்றிவரும் எல்-1 புள்ளியை (சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, பூமியோடு சேர்ந்தே சுற்றக்கூடிய இடம்) பலர் இந்தப் பூச்சியப் புள்ளி என்றே நினைக்கிறார்கள். எல்-1 இருப்பதோ பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். அங்கே புலம் பூச்சியமே இல்லை. சூரியனின் இழுப்பில் நூற்றில் மூன்று பங்கைத்தான் பூமி கழிக்கிறது. பூமியைவிடச் சூரியனுக்கு அருகே இருப்பது, ஓராண்டு ஆவதற்குள்ளேயே ஒரு சுற்றை முடித்துவிட வேண்டும். அந்த மூன்று பங்கு குறைவதால்தான், எல்-1இல் இருப்பது பூமியோடு சேர்ந்து சரியாக ஓராண்டில் சுற்றுகிறது.