கதைக்குள்ளே படிக்கிறவர்கள்

வணக்கம் நேயர்களே.

உங்களுக்கு மிகவும் பிடித்த கதாபாத்திரம் யார் என்று நாவல் எழுதுகிறவர்களிடம் அடிக்கடி கேட்பார்கள். எனக்குப் பிடித்தவர்களை யோசித்துப் பார்த்தால், எல்லோரும் புத்தகம் படிக்கிறவர்களாகவே இருக்கிறார்கள். கதைக்குள்ளே உட்கார்ந்து இன்னொரு கதையைப் படிக்கிறவர்கள்.

முதலில் நினைவுக்கு வருபவர் டான் குயிக்ஸாட். 1605இல் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் நமக்குக் கொடுத்த மனிதர். காற்றாலைகளோடு சண்டை போட்டவர் என்றுதான் பலரும் அவரை அறிவார்கள். எனக்கு அதற்குச் சற்று முன்னால் வரும் ஒரு பக்கம்தான் பெரிது. வீரக் கதைகளைப் படித்துப் படித்துத்தான் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று, அவர் தூங்கும் நேரத்தில் பாதிரியாரும் நாவிதரும் புத்தகங்களை அலசுகிறார்கள். பெரும்பாலானவை தீக்குப் போகின்றன. புத்தக அறையின் வாசலையும் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து எழுந்தவர், முதல் வேலையாகப் புத்தகங்களைப் பார்க்கப் போகிறார். அறையைக் காணோம். கதவு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். வாய் திறக்காமல் சுற்றுமுற்றும் பார்க்கிறார். அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்த எனக்கு, அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு வாசகனின் துயரத்தை இவ்வளவு குறைந்த சொற்களில் எழுதியவர்கள் குறைவு.

ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி' நாவலில் வரும் எம்மா பொவாரியும் நாவல்களில் ஊறியவள்தான். அவள் கெட்டுப்போனதற்குப் படிப்பைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுடைய ஊரில் அவளோடு பேச யார் இருந்தார்கள்?

அப்புறம் டால்ஸ்டாயின் அன்னா கரீனினா. கல்யாணமானவள். நடன விருந்தில் விரான்ஸ்கி என்ற இளம் ராணுவ அதிகாரியோடு ஆடிய பிறகு, மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்குக்கு ரயிலில் திரும்புகிறாள். வெளியே பனி கொட்டுகிறது. இருக்கையின் கைப்பிடியில் சிறு விளக்கை மாட்டிக்கொண்டு, ஒட்டியிருக்கும் பக்கங்களைப் பிரிக்கத் தாள் வெட்டும் கத்தியோடு ஒரு ஆங்கில நாவலை எடுக்கிறாள். படிப்பு ஓடவில்லை. கதாநாயகி நோயாளிக்குப் பணிவிடை செய்தால், சத்தமில்லாமல் அந்த அறையில் நடக்க இவளுக்கும் ஆசை. ஒருவர் நாடாளுமன்றத்தில் பேசினால், அந்தப் பேச்சைத் தானே பேச ஆசை. பிறர் வாழ்வதைப் படித்துக்கொண்டிருக்க முடியாதபடி, தானே வாழவேண்டும் என்ற தவிப்பு. கடைசியில் அந்தக் கத்தியை ஜன்னல் கண்ணாடியில் தேய்த்து, அதன் குளிர்ந்த வழவழப்பைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். காரணமே இல்லாமல் சிரிப்பு பொங்குகிறது. அவள் காதலில் விழுந்துவிட்டாள் என்று டால்ஸ்டாய் இங்கே சொல்லவே இல்லை. ஒரு பெண்ணால் புத்தகம் படிக்க முடியவில்லை என்று மட்டும் காட்டுகிறார், நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. நாவல் கலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு அத்தியாயத்தில் இருக்கிறது.

தமிழில் இப்படி ஒருத்தியைச் சொல்லச் சொன்னால், ஜெயகாந்தனின் கங்காவைச் சொல்வேன். 1966இல் அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிச் சீரழிந்து திரும்பும் பெண்ணுக்கு, அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி அவளை ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவைப் பற்றி அப்போது பெரிய விவாதமே நடந்தது. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதியபோது, அம்மா அழுது ஊரைக் கூட்டி, பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அப்படித் துரத்தப்பட்டவள்தான் கங்கா. அவள் பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் அதே சிறுகதையைப் படிக்கிறாள். தன் கதை, ஆனால் தனக்குக் கிடைக்காத அம்மா. அந்த வாசிப்பில் ஆறுதலும் இருக்கிறது, தாங்கமுடியாத பொறாமையும் இருக்கிறது. எழுதுகிறவன் நல்ல முடிவு ஒன்றைக் கொடுத்தால் அது யாரையெல்லாம் சுடும் என்று என்னை யோசிக்க வைத்தவள் கங்காதான்.

அதனால் ஒரு பாத்திரத்தை எழுதத் தொடங்கும்போது, இவர் என்ன படிப்பார், எந்த இடத்தில் படிக்கமுடியாமல் மூடிவைப்பார் என்று கேட்டுக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. பதில் கிடைத்தால் ஆள் பிடிபட்டுவிடுவார். அந்த விவரம் நாவலில் வராமலே போகலாம், பரவாயில்லை.

நான் சொன்ன பக்கங்களைத் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு: டான் குயிக்ஸாட் அறையைத் தேடுவது முதல் பாகம், ஏழாவது அத்தியாயம். அன்னாவின் ரயில் பயணம் முதல் பாகம், இருபத்தொன்பதாவது அத்தியாயம். கங்காவை மட்டும் முதல் பக்கத்திலிருந்தே படியுங்கள், சிறுகதையைப் படித்து முடித்த கையோடு. வணக்கம்.