ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு கேமோ பெயிண்ட்: முதல் தடவை அடிக்கிறவங்களுக்கு

வணக்கம் மக்களே. ஏர்சாஃப்ட்னா சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடுற துப்பாக்கியால ஆடுற விளையாட்டு. கேமோன்னா காட்டோட கலந்து மறையற மாதிரி அடிக்கிற பெயிண்ட். டேபிள் மேல இருக்கிறது எம்4 ரைஃபிள் மாதிரி ஒரு சாதாரண கறுப்பு ஏர்சாஃப்ட் துப்பாக்கி, எலக்ட்ரிக் மாடல். பாடி ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெளி பேரல் மெட்டல். இதுக்குத்தான் இன்னைக்கு கேமோ.

கேனை கையில எடுக்கிறதுக்கு முன்னாடி சட்டம். பிரிட்டன்ல இருக்கிறவங்க நல்லா கேட்டுக்கோங்க. உங்ககிட்ட இருக்கிறது பளிச்சுனு நீலம், பச்சைன்னு வர்ற டூ-டோன் துப்பாக்கியா? அதுக்கு கேமோ அடிச்சா, 2006 வயலன்ட் கிரைம் ரிடக்‌ஷன் ஆக்ட் படி அசல் மாதிரி ஒரு போலித் துப்பாக்கியை நீங்களே தயாரிச்ச கணக்கு. முறையா ஏர்சாஃப்ட் ஆடுறவர்னு காட்ட முடியலைன்னா அது குற்றம். அமெரிக்காவுல பேரல் நுனி ஆரஞ்சா வரும். அதை டேப் போட்டு மூடிட்டு மத்த இடத்துல அடிங்க, அந்த ஆரஞ்சு அப்படியே இருக்கட்டும். வேற நாட்டுல இருக்கிறவங்க உங்க ஊர் சட்டத்தை பார்த்துட்டு வாங்க. இன்னொண்ணு, பெயிண்ட் அடிச்ச துப்பாக்கி தூரத்துல அசலாவே தெரியும். வீட்டை விட்டு வெளிய எடுத்தா எப்பவும் மூடின பைக்குள்ளதான்.

சரி, வேலைக்கு வருவோம். மேகசினை கழட்டுங்க, மேல நோக்கி இல்லாம பாதுகாப்பான பக்கம் ரெண்டு மூணு தடவை சுட்டு சேம்பர்ல பிபி (பிளாஸ்டிக் குண்டு) இல்லைன்னு உறுதி பண்ணுங்க, அப்புறம் பேட்டரியை எடுத்துடுங்க. பெயிண்ட் உரியுறதுக்கு ஒரு முக்கியக் காரணம் எண்ணெய். சிலிகான் ஆயில், கை எண்ணெய், ஃபேக்டரி கிரீஸ், எல்லாமே மேல படிஞ்சிருக்கும். பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில துணியை நனைச்சு, நல்லா பிழிஞ்சு துடைங்க. உள்ள கியர்பாக்ஸ் இருக்கு, தண்ணி சொட்டக் கூடாது. காய்ஞ்சதும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல ஒரு துடைப்பு. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, ஏபிஎஸ் இளகி பிசுபிசுன்னு ஆயிடும். மெட்டல் பாகத்தை மட்டும் 400 நம்பர் வாட்டர் பேப்பரால லேசா தேய்ச்சு பளபளப்பை எடுங்க. துடைச்சதுக்கு அப்புறம் கையுறை இல்லாம தொடாதீங்க.

அடுத்தது மாஸ்கிங், அதாவது பெயிண்ட் படக் கூடாத இடத்தை மூடுறது. பேரல் வாய்க்குள்ள காதுல வைக்கிற ஃபோம் ப்ளக்ல பாதி போதும். ட்ரிகர், செலக்டர் (சுடுற முறையை மாத்துற லீவர்), ஹாப்-அப் (குண்டுக்கு சுழற்சி கொடுக்கிற பாகம்) தெரியுற ஜன்னல், மேக்வெல் (மேகசின் சொருகுற இடம்), குறி பார்க்கிற சைட்டோட முனை, எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப். ஸ்கோப் இருந்தா ரெண்டு பக்க லென்ஸையும் மூடணும், பின்னாடி லென்ஸை மறக்கிறவங்கதான் ஜாஸ்தி. மேகசின்ல, இங்க பாருங்க, இந்தக் கோட்டுக்கு மேல இருக்கிற பகுதி மேக்வெல்லுக்குள்ள போகும். அதுல துளி கூட பெயிண்ட் வேண்டாம். ஏற்கெனவே இறுக்கமா போற இடம், ரெண்டு கோட் ஏறினா மாட்டிக்கும். ரெயில்லயும் அதே கதைதான், ஃபோர்கிரிப்போ (முன் கைப்பிடி) லைட்டோ மாட்டுற இடத்துல மெல்லிசா ஒரு கோட்டோட நிறுத்திக்கோங்க.

பெயிண்ட்டுக்கு ஒரே விதி: மேட். கொஞ்சம் மினுங்கினாலும் வெயில்ல காட்டிக் கொடுத்துடும். பிரிட்டன்ல ஃபாஸ்கோ ஆர்மி பெயிண்ட், அமெரிக்காவுல ரஸ்ட்-ஓலியம், கிரைலான் கேமோ வரிசை கிடைக்குது. காக்கி, ஆலிவ் பச்சை, பிரவுன்னு மூணு கேன் போதும், ஒரு துப்பாக்கிக்கு எதுவும் முழுசா காலியாகாது. கறுப்பு வாங்காதீங்க. துப்பாக்கியே கறுப்பு, அதைத்தானே மறைக்க வந்திருக்கோம்!

திறந்த வெளில அடிங்க, பக்கத்துல நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. துணி மாஸ்க் பெயிண்ட் ஆவியை தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் இருக்கிற ரெஸ்பிரேட்டர் போடுங்க. 10 டிகிரிக்கு கீழ குளிர்னா அன்னைக்கு வேண்டாம். கேன் ஜில்லுன்னு இருந்தா வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வைங்க, கொதிக்கிற தண்ணி ஆபத்து, கேன் வெடிக்கும். உள்ள குண்டு உருள்ற சத்தம் கேட்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நிமிஷம் குலுக்கணும்.

இப்ப பேஸ் கோட், காக்கி. 25 சென்டிமீட்டர் தூரம். துப்பாக்கிக்கு வெளிய நாசிலை அழுத்த ஆரம்பிச்சு, தாண்டிப் போய் வெளியவே விடணும். நடுவுல நிறுத்தினா அங்க பெயிண்ட் குளம் கட்டி வழியும். முதல் கோட்ல கறுப்பு தெரியத்தான் செய்யும், பயப்படாதீங்க. 10-15 நிமிஷம் விட்டு அடுத்தது, இப்படி மூணு மெல்லிசான கோட். ஒரே தடவைல மூடிடலாம்னு ஈரமா ஊத்தினா, மேல தோல் காயும், அடியில சால்வென்ட் மாட்டிக்கும், தோல் சுருங்கி வரும்.

இனிமேதான் கேமோவே. காட்டுல கண்ணுல முதல்ல படுறது நிறம் இல்லை, நேர்கோடு. மரம், செடியில 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு துல்லியமா நேரா ஒரு கோடு அபூர்வம், துப்பாக்கியில இருக்கும். அந்தக் கோட்டை வெட்டுறதுதான் நம்ம வேலை. அதனால பச்சைப் பட்டையை நீளவாக்குல இழுக்காதீங்க, குறுக்கே சாய்வா போடுங்க, 5-8 சென்டிமீட்டர் அகலம், ஒவ்வொண்ணும் வேற வேற இடைவெளியில. பட்டை ஸ்டாக்ல (தோள்ல வைக்கிற பின்பகுதி) ஆரம்பிச்சா ஸ்டாக்லயே முடியக் கூடாது, அப்படியே பாடிக்கு தாவணும். மேகசினை மாட்டி வச்சே அடிச்சா அதுலயும் தொடரும். 1970-கள்ல ரொடீசியா (இப்போ ஜிம்பாப்வே) ராணுவத்துல எஃப்ஏஎல் ரைஃபிள் மேல பிரஷ்ஷால பச்சையும் வெளிர் நிறமுமா பெரிய திட்டுத் திட்டா பூசினாங்க. கிட்டப் பார்த்தா குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கும், ஆனா அந்தக் கறுப்புக் கோடு உடைஞ்சுடும். நேர்த்தியா வரணும்னு ரொம்ப கவலைப்படாதீங்க.

இலை ஸ்டென்சிலுக்கு, நீங்க ஆடுற காட்டுலயே கிடைக்கிற ஃபெர்ன் இலை, காய்ஞ்ச புல் போதும். கேமராவை கிட்ட கொண்டு வர்றேன். இலையை பாடியோட ஒட்டி வச்சு ஒரு நொடி பிரவுன் அடிக்கிறேன்... எடுத்துட்டேன். ஒவ்வொரு பல்லும் கத்தி மாதிரி கூர்மையா விழுந்திருக்கு, பாருங்க. இப்ப அதே இலையை 2 சென்டிமீட்டர் தூக்கிப் பிடிச்சு அடிக்கிறேன். ஓரம் புகை மாதிரி கலைஞ்சு போச்சு. ரெண்டையும் கலந்து வச்சாத்தான் ஆழம் தெரியும். ஒண்ணு ஞாபகம் வைங்க: இலை மூடின இடத்துல அடியில இருக்கிற நிறம்தான் நிக்கும், சுத்தி புது நிறம் விழும். இருட்டான இலை வேணும்னா, முதல்ல அந்த இடத்துல பிரவுன் அடிச்சு, காய விட்டு, இலையை வச்சு மேல காக்கி. இலை பெயிண்ட்ல ஊறிப் போனா மாத்திடுங்க, இல்லைன்னா சொட்டும்.

கையால தடவினா பவுடர் மாதிரி வருதா? ரொம்ப தள்ளி நின்னு அடிச்சிருக்கீங்க, இல்லை வெயில் ஜாஸ்தி, பெயிண்ட் பறக்கும்போதே காய்ஞ்சிருக்கு. வழிஞ்சிருந்தா ஈரத்துல துடைக்காதீங்க, அடிக் கோட்டையும் சேர்த்து இழுத்துட்டு வரும். ஒரு நாள் காய விட்டு, வாட்டர் பேப்பரால தேய்ச்சு, அந்தத் திட்டுக்கு மட்டும் திரும்ப அடிங்க.

டேப்பை மறுநாள் காலைல வரைக்கும் விட்டு வைக்காதீங்க. தொட்டா ஒட்டாத அளவுக்கு காய்ஞ்சதும், டேப்பை அது மேலயே மடக்கின மாதிரி மெதுவா இழுங்க. முழுசா இறுகினப்புறம் இழுத்தா ஓரம் பிய்யும். ஒரு நாள் கழிச்சு, திரும்ப டேப் போட்டு, மேட் கிளியர் கோட் ரெண்டு. மழை ஈரத்துல கிளியர் அடிச்சா வெள்ளையா பூத்துடும், ஈரம் இல்லாத நாளுக்காக காத்திருந்தாலும் பரவாயில்லை. தொட்டா காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் பெயிண்ட் இறுக ஒரு வாரம் ஆகும், அது வரைக்கும் பைக்குள்ள திணிக்காதீங்க. அப்புறம் கை படுற இடத்துல தேய்ஞ்சுக்கிட்டேதான் இருக்கும், கிரிப், மேக்வெல் ஓரம் எல்லாம். அதை ஒழுங்குபடுத்தப் போகாதீங்க, தேய்மானம் கேமோவுக்கு நல்லதுதான்.

பேட்டரி போடுறதுக்கு முன்னாடி பேரல் வாயைப் பாருங்க. ஃபோம் ப்ளக் இன்னும் உள்ளதான் இருக்கும்.