புயல் நேரலையில் உயிர் காத்தது ஒரு பிளாஸ்டிக் தாள்!

[திரையில்: மழைக்கோட்டு அணிந்த செய்தியாளர்]

காற்றில் கால் ஊன்ற முடியாமல் ஒரு செய்தியாளர் தள்ளாடுகிறார். அவருக்குப் பின்னால் பாருங்கள்: இரண்டு பேர் கடைத்தெருவுக்குப் போவதுபோல் சாவகாசமாக நடந்து போகிறார்கள்! 2018, ஃபுளோரன்ஸ் சூறாவளி, அமெரிக்காவின் வில்மிங்டன் நகரம். அவர் நின்றது ஈரப் புல், அவர்கள் நடந்தது சிமென்ட் தரை என்று சேனல் விளக்கம் கொடுத்தது. நம்புவது உங்கள் பாடு. நான் இதைப் பத்து முறையாவது பார்த்துச் சிரித்திருப்பேன்.

ஆனால், எனக்குப் பிடித்த புயல் நேரலையில் காற்றே கிடையாது.

[திரையில்: பழைய ரேடார் திரை]

1961 செப்டம்பர். கார்லா சூறாவளி டெக்சாஸை நோக்கி வருகிறது. ஹூஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் செய்தியாளர் டான் ராதர், வயது 29, கால்வெஸ்டன் என்ற கடலோர நகரத்தின் வானிலை அலுவலகத்துக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய்விட்டார். உள்ளே ரேடார் இருந்தது. அதில் தெரிந்ததோ, தோசைக்கல்லில் சரியாகப் பரவாத மாவு மாதிரி வெள்ளைத் திட்டு. அது கையளவா, கடலளவா? பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ராதர் அங்கிருந்த ஊழியரிடம் கேட்டது ஒன்றுதான்: கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாளில் மெக்சிகோ வளைகுடாக் கடற்கரையைக் கோடாக வரைந்து கொடுங்கள். அதை ரேடார் திரைமேல் வைத்தார்கள். முடிந்தது! நம் ஊர் இங்கே, புயல் அங்கே, அதன் உடம்பு இவ்வளவு பெரிது என்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ஆயிரம் முறை ‘பயங்கரம், பயங்கரம்’ என்று கத்தினாலும் இது நடக்காது.

மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அமெரிக்காவில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இதே கால்வெஸ்டனில் 1900 புயலில் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். இடையில் கடல் சுவர் கட்டியிருந்தார்கள், உண்மைதான்; எல்லாப் புகழையும் அந்தத் தாளுக்கே கொடுக்க மாட்டேன்.

பாதுகாப்புக்கு இரண்டே வரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. புயலின் நடுப்பகுதியான ‘கண்’ கடக்கும்போது காற்று சட்டென்று ஓயும். அப்போது மொட்டைமாடிக்கு ஓடாதீர்கள், அடுத்த அடி எதிர்த்திசையிலிருந்து வரும்.

ராதரை அடுத்த ஆண்டே சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், இன்று புயலுக்குள் நின்று பேசும் செய்தியாளர்களுக்கெல்லாம் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். காற்றைப் பிடித்துக்கொண்டார்கள், தாளை விட்டுவிட்டார்கள்!

நீங்கள் பார்த்த நேரலைகளில் வரைபடம் எவ்வளவு நேரம் வந்தது, பறக்கும் குடை எவ்வளவு நேரம் வந்தது? கீழே எழுதுங்கள்.