மூன்றாவது சுருள்

(திரைப்படக் கழக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகப் பேசி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, அடுத்து வாழ்த்துரை வழங்கவிருக்கும் மூத்த ஒளிப்பதிவாளர் ஐயா அவர்களே, மூன்று முறை தொலைபேசியில் அழைத்து என் வருகையை உறுதி செய்துகொண்ட செயலாளர் அவர்களே, கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசை நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, பழைய அயல்நாட்டுப் படங்கள் ஆமை வேகத்தில் நகர்கின்றன என்ற புகார். இரண்டு, நடிப்பு. மூன்று, பின்னணி இசை.

புகாரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953. பாயில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை மட்டத்துக்குக் கேமராவை இறக்கி வைத்துவிட்டு, அநேகமாக அசைக்கவே மாட்டார் மனிதர். கடலோரச் சுவரில் கிழவரும் கிழவியும் உட்கார்ந்திருப்பார்கள். எழப்போன கிழவிக்குத் தலைசுற்றும், அப்படியே குனிந்துவிடுவாள். பிறகு சமாளித்துக்கொண்டு கணவர் பின்னால் நடந்துபோவாள். அவ்வளவுதான். குளோசப் கிடையாது. ஆனால் படத்தின் முடிவு, அந்தக் கிழவியின் மரணம், அங்கேயே வந்துவிட்டது. அதைத் தவறவிட்டவருக்குத்தான் படம் மெதுவாக ஓடுகிறது! பிற்பாடு புரிந்து என்ன பயன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசாவாவைவிட ஓசுவை அரைப்படி மேலே வைப்பவன் நான். தலைவர் முகம் சுளிக்கிறார், பரவாயில்லை.

குரோசாவா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் இளமையில் ஒரு கழகத்தில் அவருடைய ‘ராஷோமான்’ போட்டார்கள். 16 எம்.எம். பிரதி, மூன்று சுருள். நடந்தது ஒரே சம்பவம், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த படம்தான். பாதியிலேயே படத்தில் குழந்தை அழுதது, மழை விட்டது, திரையில் ‘முற்றும்’ என்று ஜப்பானிய எழுத்தும் வந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. படம் மறுபடி ஓட ஆரம்பித்தது! ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நடுவழியில் பொசுக்கென்று நின்றது. கைதட்டினோம். பிறகு கலந்துரையாடல். ஒருவர் அரைமணி நேரம் பேசினார்: “முற்றும் என்று போட்ட பிறகும் உண்மை முடிவதில்லை என்கிறார் இயக்குநர்.” நானும் தலையாட்டினேன். ஆட்டியதோடு நிற்காமல் கையெழுத்துப் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். எல்லோரும் கிளம்பும்போது புரொஜெக்டர் ஓட்டியவர் தயங்கித் தயங்கி வந்தார். “சார், மன்னிக்கணும். மூணாவது சுருளை ரெண்டாவதா ஏத்திட்டேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பல வருஷம் கழித்து, அந்தப் பிரதியைப் பார்க்கலாம் என்று போனேன். டப்பா மூடியைத் திறந்ததும் புளிக்காடி வாடை மூக்கில் அடித்தது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையத் தொடங்கினால் வரும் வாடை அது. சுருள் அப்பளம் மாதிரி நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் படம் உரிந்து வருகிறது. எந்தச் சுருள் முதல், எது மூன்றாவது என்ற சண்டைக்கே இனி இடமில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. இன்று அதன் பிரதி இல்லை. டென்மார்க் இயக்குநர் டிரேயரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ மௌனப் படத்தின் மூல நெகட்டிவ் எரிந்துபோயிற்று. இயக்குநரின் முதல் வடிவம் இனி இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 1981-இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் டப்பாக்களைத் திறந்தால், உள்ளே அதே படம்! யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் விட்டதால் கிடைத்தது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ நெகட்டிவ் 1993-இல் லண்டன் தீவிபத்தில் சிக்கியது. கருகியதையும் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தார்கள். பின்னால் அதை ஊறவைத்து, இளக்கி, மீட்கக்கூடியதை மீட்டு, 2015-இல் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கண் கெட்ட பிறகும் நமஸ்காரம் பலித்த அபூர்வம் அது. எல்லாப் படத்துக்கும் அந்த யோகம் வாய்க்காது.

நடிப்பு, இசை இரண்டும் பாக்கி. தலைவர் மணியில் கை வைத்துவிட்டார், அவை அடுத்த கூட்டத்துக்கு. நான் வாசலில் நோட்டோடு நிற்பேன். யார் வீட்டுப் பரணிலாவது தகர டப்பாவில் பழைய படச்சுருள் இருந்தால், எத்தனை டப்பா என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், இழுத்துப் பிரித்தும் பார்க்காதீர்கள். மூடியை லேசாகத் தளர்த்தி மூக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.