ஒரே இயந்திரம், ஆறு மடங்கு வித்தியாசம்

(திரையில்: நூற்பாலையின் உட்புறம், நூலை முறுக்கியபடி வரிசையாகச் சுழலும் கதிர்கள்)

1910 வாக்கில் பம்பாயில் நூற்பாலை வைத்தவரும் ஒசாகாவில் வைத்தவரும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் போய் நின்ற இடம் ஒன்றுதான்: இங்கிலாந்தின் லங்காஷயர். அங்கே ஓல்ட்ஹாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ், யார் பணம் கொடுத்தாலும் விற்றது. பொருத்திக் கொடுக்க ஆளையும் அனுப்பியது.

இயந்திரம் எல்லா ஊருக்கும் போனது. ஆனால் பொருளாதார வரலாற்றாசிரியர் கிரிகரி கிளார்க் கணக்குப் போட்டபோது, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி பார்த்த வேலைக்கு இந்தியாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் ஏறக்குறைய ஆறு பேர் தேவைப்பட்டிருந்தார்கள். கூலி குறைவாக இருந்ததால் ஆட்களை அதிகம் வைத்தார்களா, பயிற்சிக் குறைவா, மேலாண்மைக் கோளாறா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

தொழில்நுட்பம் ஒரு நாட்டை எப்படி முன்னேற்றுகிறது என்று கணித மாதிரி (model) கட்டுகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

(திரையில்: ராபர்ட் சோலோ, 1957)

முதலில் பொருளாதார அறிஞர் சோலோ. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி இரு மடங்கானது. அதில் கூடுதல் மூலதனத்தின், அதாவது இயந்திரம், கட்டடம் போன்றவற்றின் பங்கு எட்டில் ஒன்றுதான் என்று அவர் காட்டினார். மீதி எட்டில் ஏழு தொழில்நுட்ப மாற்றம். பிரமாதமான கண்டுபிடிப்பு. ஆனால் அவருடைய மாதிரியில் அந்தத் தொழில்நுட்பம் மழை மாதிரி மேலிருந்து பெய்கிறது. ஏன் ஓர் ஊரில் பெய்து இன்னோர் ஊரில் பெய்யவில்லை என்பதற்கு அதில் இடமில்லை.

சரி, எல்லா நாட்டுக்கும் ஒரே தொழில்நுட்பம், மூலதனம்தான் வேறு என்று வைத்துக்கொண்டால்? 1990-இல் ராபர்ட் லூகாஸ் அதைச் சோதித்தார். அமெரிக்கருக்கும் இந்தியருக்கும் அப்போது வருமான வித்தியாசம் சுமார் 15 மடங்கு. அதற்கு மூலதனம் மட்டுமே காரணம் என்றால், இந்தியாவில் போடும் முதலுக்கு அமெரிக்காவைவிட 58 மடங்கு லாபம் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் உலகத்துப் பணமெல்லாம் இங்கே கொட்டியிருக்கும். கொட்டவில்லை.

எனக்குப் பிடித்த மாதிரி 1966-இல் ரிச்சர்ட் நெல்சனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் எழுதியது. சின்ன மாதிரிதான், ஆனால் ஆழமானது.

(திரையில்: மேலே ஏறும் இரண்டு கோடுகள்)

முன்னணி நாட்டின் தொழில்நுட்பம் ஆண்டுக்கு 2% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் நாடு, நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் கற்றுக்கொள்கிறது. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது மக்களின் கல்வி.

ஆண்டுக்கு இடைவெளியில் 8% கற்றால் அந்த நாடு முன்னணியின் 80% அளவில் போய் நிற்கும். 2% கற்றால் பாதி. அரை சதவீதம்தான் என்றால் 20%. கவனியுங்கள்: நிலைபெற்ற பிறகு மூன்று நாடுகளும் 2% வேகத்திலேயே வளர்கின்றன. வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இடைவெளியோ அப்படியே இருக்கும். கற்கும் வேகம் மாறினால்தான் அது அசையும்.

ஜப்பானில் அது மாறியது. தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி, லண்டனில் படித்துக்கொண்டிருந்த யமனோபே தாக்கியோவை லங்காஷயர் ஆலை ஒன்றில் வேலை பழக வைத்தார். அவர் திரும்பி வந்து நடத்திய ஒசாகா ஆலை 1883-இல் 10,500 கதிர்களுடன் ஓடத் தொடங்கியது. இயந்திரம் விலை உயர்ந்தது, சும்மா நிற்கக் கூடாது என்று இரவிலும் ஓட்டினார்கள். அந்த இரவு ஷிஃப்டின் சுமை பெரும்பாலும் இளம்பெண்கள் மேல் விழுந்தது. எந்த மாதிரியின் சமன்பாட்டிலும் அது தெரியாது. அப்புறம், நூலை நிறுத்தாமல் முறுக்கிச் சுற்றும் ரிங் இயந்திரத்துக்கு வேகமாக மாறினார்கள். 1893-இல் பம்பாய்க்கு நேரடிக் கப்பல் தடம் திறந்து இந்தியப் பஞ்சைக் கொண்டுபோனார்கள். பல நாட்டுப் பஞ்சைக் கலந்து நூற்கும் நுணுக்கத்தில் தேர்ந்தார்கள்.

1924-இல் டொயோடா சாகிச்சியின் தானியங்கித் தறி வந்தது. 1929-இல் அதன் காப்புரிமையை 1 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்க ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா? அதே பிளாட் பிரதர்ஸ். 1933-இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனைத் தாண்டியது.

(திரையில்: உலக வரைபடம்)

இது ஒரு தொழிலின் கதை. மொத்த உலகத்துக்கும் அளந்தவர்கள் பொருளாதார அறிஞர்கள் டியேகோ காமினும் பார்ட் ஹோபைனும். 15 தொழில்நுட்பங்கள், 166 நாடுகள். ஒரு தொழில்நுட்பம் பிறந்து, ஒரு நாட்டுக்கு வந்து சேர சராசரியாக 45 ஆண்டுகள் ஆனது என்று 2010-இல் எழுதினார்கள். பின்னர் காமினும் மார்ட்டி மெஸ்டியேரியும் இன்னும் தோண்டினார்கள். வந்து சேரும் தாமதத்தில் ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் வந்தபின் எத்தனை பேர் கையில், எவ்வளவு ஆழமாகப் பயன்படுகிறது என்பதில் வித்தியாசம் விரிந்திருக்கிறது. 1820-க்குப் பிறகு நாடுகளுக்கிடையே திறந்த வருமான இடைவெளியில் 80 சதவீதத்தை இந்த இரண்டு மாற்றங்களைக் கொண்டே விளக்கிவிடுகிறது அவர்களுடைய மாதிரி.