தனிச்சுற்றுக்கு மட்டும்

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர் ஏரியைத் தாண்டி வரும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது, இருந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் நான்கைந்து பேர் எனக்கு முதல் ஷிப்ட் பஸ்ஸிலிருந்தே பழக்கமானவர்கள். கம்பெனிப் பத்திரிகையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதில் பேச என்ன இருக்கிறது, எம்.டி. ரிப்பன் வெட்டுகிற போட்டோதானே?" என்று கேட்டார். ரிப்பன் முதல் பக்கத்தில் இருக்கும். நான் பேச வந்தது கடைசி நான்கு பக்கங்களைப் பற்றி.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1940-இல் விமான ஆலையான எச்.ஏ.எல்., 1948-இல் டெலிபோன் ஆலையான ஐ.டி.ஐ., அப்புறம் எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். என்று வரிசையாக ஆலைகள் எழும்பிய ஊர் இது. வேலூர், தருமபுரி, சேலம் பக்கமிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் அந்த வேலைகளை நம்பி வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்த மண்டபத்தில் பாதிப் பேர். நான் ஆலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்கிற டூல் ரூமில் சேர்ந்தவன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பத்திரிகைக்கு இழுத்துக்கொண்டார்கள், 1976-லிருந்து 22 வருடம் அங்கேதான் இருந்தேன்.

இந்த மாதிரிப் பத்திரிகைகளின் சரித்திரம் பழையது. அமெரிக்காவில் லோவெல் என்ற ஊரில் பஞ்சாலைப் பெண்களின் எழுத்துகளோடு 1840-இல் 'லோவெல் ஆஃபரிங்' என்று ஓர் இதழ் தொடங்கியது. காலையிலிருந்து இரவு வரை தறியில் நின்றுவிட்டு வந்து அவர்களே எழுதிய கதை, கவிதை, கட்டுரை. 1842-இல் அந்த ஊருக்குப் போன சார்லஸ் டிக்கன்ஸ், அதில் 400 பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன் என்று எழுதிவைத்தார். ஆனால் அதிலேயே சண்டையும் வந்தது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடிய சாரா பேக்லி என்ற பெண், ஆலையைக் குறை சொல்லி நான் எழுதியதை இவர்கள் போட மறுத்துவிட்டார்கள் என்று 1845-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டிலேயே அந்த இதழும் நின்றுபோனது. யார் எழுதலாம், எதை எழுதலாம் என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது, அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

வாடிக்கையாளர்களுக்காக நடத்துவது இன்னொரு வகை. ஜான் டியர் கம்பெனி விவசாயிகளுக்காக 1895-இல் தொடங்கிய 'தி ஃபர்ரோ' இன்னும் வருகிறது. டயர் விற்ற மிஷெலின் சகோதரர்கள் 1900-இல் கார் ஓட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடுதான் இன்று ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. எனக்கு மனதுக்கு நெருக்கமானது 1902-இல் இங்கிலாந்தின் கேட்பரி ஆலையில் தொடங்கிய போர்ன்வில் இதழ், ஏனென்றால் அது ஆலைக்குள் இருக்கும் மனிதர்களுக்காக வந்தது. நம் நாட்டில் ரயில்வே 1956-லிருந்து 'இந்தியன் ரயில்வேஸ்' நடத்துகிறது. எங்கள் பத்திரிகை அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து வந்த பிள்ளை. 32 பக்கம், ஆங்கிலமும் கன்னடமும், பின்னால் கொஞ்சம் இந்தி. தமிழ்ப் பக்கம் கிடையாது. அதனால் லேத்தில் நின்ற தமிழ் ஆட்கள் கன்னடத்தில் எழுதினார்கள், ஓர் எழுத்தின் கீழ் இன்னொன்றாக எழுதுகிற ஒத்தெழுத்துகளைக் கன்னட உதவி ஆசிரியர் பொறுமையாகத் திருத்திக் கொடுப்பார், அதில் மூன்று பேர் பிற்பாடு நல்ல கன்னடம் எழுதினார்கள்.

கடைசி நான்கு பக்கங்களில் என்ன இருக்கும்? ஓய்வு பெறுகிறவர்கள், திருமணம், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், காலமானவர்கள். ஒவ்வொருவருக்கும் தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய போட்டோ, கீழே பெயர், டோக்கன் நம்பர், டிபார்ட்மெண்ட். அப்போது எழுத்து கோர்த்து அச்சடிக்கிற காலம், ஆகையால் ஒவ்வொரு முகத்துக்கும் சிக்பேட்டைக்குப் போய் ப்ளாக் செய்ய வேண்டும். துத்தநாகத் தகட்டில் புள்ளிபுள்ளியாக முகம் இறங்கியிருக்கும், அதை மரக்கட்டையில் ஆணியடித்து எழுத்தோடு சேர்த்து முடுக்குவார்கள். ஒரு ப்ளாக் உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் கனமாக இருக்கும். போட்டோ எடுக்க வரச்சொன்னால் ஆட்கள் வேறு சட்டை கொண்டுவருவார்கள். உலோகம் வார்க்கிற ஃபவுண்டரிக்காரர்கள் ஒரே வெள்ளைச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததுண்டு, ஒரே இதழில் நான்கு பேர் அதே காலரோடு இருப்பார்கள். அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

1983-இல் ஒரு தவறு நடந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர், டோக்கன் நம்பர் மட்டும்தான் வேறு. ஒருவர் ஓய்வு பெறுகிறார், இன்னொருவர் மாரடைப்பில் போய்விட்டார். ப்ளாக் மாறிவிட்டது. ப்ரூஃப் பார்த்தவன் நான், எழுத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இதழ் கேட்டில் விநியோகமான அன்று, உயிரோடு இருந்த மனிதர் காலமானவர் பக்கத்தில் தன் படத்தைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் திட்டவில்லை. "சார், என் படம் கெடக்கட்டும். அவன் வீட்டுல என்ன பண்ணுவாங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த இதழில் திருத்தம் போட ஒரு மாதம் ஆகும். அன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் அச்சுக்கூடத்தில் எழுத்து கோர்க்கிற கம்பாஸிட்டர் அந்தப் பக்கத்தைத் திரும்ப முடுக்கி, சரியான ப்ளாக்கை வைத்து, ப்ரூஃப் மெஷினில் ஆர்ட் பேப்பரில் பத்துப் பிரதி இழுத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மர்ஃபி டவுனில் இறந்தவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அவருக்குன்னு தனியா எடுத்த போட்டோ வேற இல்லைங்க," என்றார். கல்யாணத்தில் படம் எடுக்க வசதியில்லை, அப்புறம் எடுக்கத் தோன்றவில்லை. பல வருடம் கழித்து அவர் மகன் கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பக்கத்தையே கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். கிட்டே போனால் முகத்தில் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன, சட்டத்தின் கீழ் ஓரத்தில் 31 என்று பக்க எண்கூட இருக்கிறது, குங்குமம் அதன் மேலேயே வைத்திருக்கிறார்கள்.

சரி, சாரா பேக்லியிடம் வருவோம். 1980 டிசம்பர் கடைசியில் பெங்களூர்ப் பொதுத்துறை ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 77 நாள். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அடகுக்கடையில் எத்தனை தாலி போனது என்று. அந்த 77 நாளைப் பற்றி எங்கள் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. இதழ்களைச் சேர்த்து ஒன்றாகப் போட்டோம், அட்டையில் லால்பாக் கண்ணாடி மாளிகை. நான் எழுதிய நான்கு பாராவை மேலே இருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள், அந்தத் தாளை நானும் பத்திரப்படுத்தவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம். ஆனாலும் அந்தக் கூட்டு இதழின் கடைசிப் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். காலமானவர்கள் பட்டியல் வழக்கத்தைவிட நீளம். இதழ்கள் சேர்ந்தது ஒரு காரணம், அது மட்டும்தானா என்று எனக்கு இன்றுவரை கேள்வி இருக்கிறது. வருடக்கணக்கான இதழ்களை வரிசையாக வைத்தால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

அந்த வரிசைதான் இப்போது இல்லை. அட்டையிலேயே 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் போட்டிருக்கும். கடையில் விற்றதில்லை, நூலகத்துக்கு அனுப்பியதில்லை. ஆபீசில் இருந்த பைண்டு வால்யூம்கள் கட்டடம் மாறியபோது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. நான் தகவல் தெரிந்து ஓடியபோது வண்டி கிளம்பிவிட்டது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்துவைத்தார், அவர் சேகரிப்பை வைத்து 1994-இல் சென்னையில் ஒரு நூலகமே தொடங்கினார்கள். இன்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போய் உட்கார்கிறார்கள். பெங்களூர்த் தமிழ்த் தொழிலாளியின் முகம் அச்சில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில்தான். அரசாங்க ஆவணத்தில் அவர் ஓர் எண், தொழிற்சங்க நோட்டீஸில் கூட்டத்தில் ஒருவர்.

என்னிடம் இப்போது 140 இதழ்கள் இருக்கின்றன, பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில் வாங்கியவை. 1966, 67 சுத்தமாக இல்லை. 1972-இல் தீபாவளி இதழ் இல்லை. நான் சொன்ன அந்தக் கூட்டு இதழ் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதிலும் நடுவில் எட்டுப் பக்கம் கிழிந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள், டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள், சமையலறை அலமாரித் தட்டில் விரித்திருந்தாலும் சரி. என் பேரன் ஸ்கேன் எடுத்துவிட்டு இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவான். அட்டை இல்லையென்றால் பரவாயில்லை, கடைசி நான்கு பக்கம் இருந்தால் போதும்.