லயத்துக்கு இங்கிலீஷில் என்ன?

நேயர்களுக்கு வணக்கம். அன்றாடம் புழங்குகிற ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். எந்தச் சொல் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. லைன். ஃபோனில் லைன் கிடைக்கவில்லை என்கிறோம், ரயில் லைன் ஓரமாக நடக்காதே என்கிறோம், கொப்பியில் லைன் அடி என்கிறோம். அவ்வளவு சாதாரணமான சொல்தான். ஆனால் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு அப்புறம் எனக்கு அது சாதாரணச் சொல்லாக இல்லை.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'எனது வீடு' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒருத்தி வெகுநேரம் பேனையைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டு, "சேர், லயத்துக்கு இங்கிலீஷ்ல என்னா?" என்று கேட்டாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கிற வரிசை வீடு. பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். லயமே இங்கிலீஷ்தானே! லைன் என்று துரைமார் சொன்னதை நம் பாட்டன் பூட்டன்மார் லயன் என்றார்கள், லயம் என்றார்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அது அம்மா, தண்ணீர் பிடிக்கிற பீலி, கொழுந்து மாதிரி ஒரு தமிழ்ச் சொல்.

அன்றிரவு அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேரைத் தேடிப் போனால் அங்கே வீடு இல்லை, நூல்தான் இருக்கிறது. இலத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் லீனியா. லினன் துணியும், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங்கும் அந்தச் செடியின் வழி வந்தவைதான். நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும், அதனால் அது கோடு ஆனது, கோட்டில் ஆட்களும் பொருட்களும் நின்றால் வரிசை ஆனது, அப்புறம் எல்லை, பரம்பரை, தூண்டில் நரம்பு, ஒருவர் செய்கிற தொழில் என்று அது கிளைவிட்டுக்கொண்டே போகிறது. இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. சுவர் எழுப்புகிற மேசன் முதலில் நூல் பிடிக்கிறார், ஒழுங்காக நடக்கிற காரியத்தை நூல் பிடித்த மாதிரி என்கிறோம். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலைப் படிக்கிற நூல் தீர்க்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள் இடறுவது ஒத்த சொற்களில்தான். லைன், ரோ, கியூ மூன்றுக்கும் வரிசை என்று அகராதியில் இருக்கிறது, மனப்பாடம் பண்ணிவிடுகிறார்கள். கியூ என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது வால். ஒருவர் பின்னால் ஒருவர், நம் முறை எப்போது வரும் என்று காத்து நிற்பது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் நின்றோமே, அது கியூ. (அதையே அமெரிக்கர்கள் லைன் என்பார்கள், அதனால் படத்தில் கேட்டுவிட்டுக் குழம்ப வேண்டாம்.) ரோ வேறு மாதிரி, அதில் காத்திருப்பு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். இதற்குச் சரியான தமிழ்ச் சொல் கொழுந்து மலையிலேயே இருக்கிறது, அதுதான் நிரை. காலையில் வேலையை மேற்பார்க்கிற கங்காணி நிரை பிரித்துக் கொடுத்ததும் கூடையோடு அவரவர் நிரையில் இறங்குகிறார்களே, அந்த நிரைதான் ரோ. சங்க இலக்கியத்திலும் செய்யுள் இலக்கணத்திலும் இருக்கிற ஒரு சொல்லைப் பள்ளிக்கூடம் போகாத நம் அம்மாமார் தினமும் வாயில் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கவிதையில் வருகிற லைன் நமக்கு அடி. அடியை அப்படியே ஃபுட் என்று மாற்றிவிடாதீர்கள், ஆங்கில யாப்பில் ஃபுட் என்பது லைனுக்குள் இருக்கிற ஒரு துண்டு, கிட்டத்தட்ட நம் சீர் மாதிரி.

சரி, வீட்டுக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது? இந்தியாவில் பிரித்தானியப் படையினரின் குடியிருப்பு வரிசைகளை லைன்ஸ் என்றார்கள். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தபோதும் அதே சொல்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது, லயம் அப்படியே இருந்தது. ஒரே கூரை, நடுவில் சுவர்கள், ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதாவது அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை. இங்கிலாந்திலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை உண்டு, அதை டெரஸ் என்பார்கள். அமைப்பைப் பார்த்தால் இரண்டும் சொந்தக்காரர்கள் போலத் தெரியும். ஆனால் டெரஸில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு இலக்கம், தெருவுக்கு ஒரு பெயர், கடிதம் வாசலுக்கே வரும். என் தங்கச்சிக்கு வந்த ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பழுப்பு உறையில் அவள் பெயர், டிவிஷன், தோட்டம், ஊர், அவ்வளவுதான். வீட்டு இலக்கம் இல்லை, இருந்தால்தானே எழுதுவதற்கு. அது தோட்டத்து ஒப்பீஸில் கிடந்து, தேர்வு முடிந்து நாலாம் நாள் கைக்கு வந்தது. ஆகவே லயத்துக்கு டெரஸ் என்று எழுதலாமா என்று கேட்டால் எழுதக்கூடாது என்றுதான் சொல்வேன். அந்தச் சொல் வைத்திருக்கிற வசதி நம் லயத்தில் இல்லை.

இன்னொரு பொருளும் இந்த லைனுக்கு உண்டு, அதைக் கண்டபோது மனசு கனத்துவிட்டது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் 16ஆம் சங்கீதத்தில், தனக்கு நல்ல இடத்தில் லைன்ஸ் விழுந்தது என்று ஒரு வரி வருகிறது. லைன்ஸ் என்றால் அங்கே அளவுக் கயிறு, கயிறு போட்டு அளந்து கொடுத்த நிலம். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் பங்கு என்றே இருக்கிறது. அதே லைன்ஸ் என்ற சொல்லுக்கு அங்கே உரிமை நிலம் என்று பொருள், இங்கே நிலமில்லாதவர் இருக்கிற காம்பரா என்று பொருள். வீட்டுக்கு 7 பேர்ச் அளவு காணி வேண்டும் என்று எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அந்த பேர்ச்சும் ஒரு காலத்தில் நிலம் அளக்கிற கம்புதான், பறவை வந்து உட்காருகிற கொம்புக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று சொன்னபோது, இசைக் குடும்பமா என்று ஆசையாகக் கேட்டார். சுருதி, லயம் என்கிற லயம் அவருக்கு. தமிழிலேயே ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது என்றால் ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் விளக்கத்தான் வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அதைத்தான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். லைன் என்றே எழுது, வெட்கப்படாதே, ஆனால் வெளியூர்க்காரர் வாசித்தால் கோடு என்றோ கியூ என்றோ நினைப்பார், அதனால் அது எப்படி இருக்கும் என்று அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடு. தலையாட்டிவிட்டுக் குனிந்து எழுதினாள். நாங்கள் லைனில் இருக்கிறோம், ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு குடும்பம், எங்களுடையது நாலாவது, பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடினால் எங்கள் வீட்டிலும் கேட்கும். நான் திருத்தியது ஒரே ஒரு இடம்தான். முதல் வசனத்தில் லைன் என்று இருந்ததை லைன்ஸ் என்று பன்மையாக்கினேன், அந்தப் பொருளில் ஆங்கிலத்தில் அப்படித்தான் வரும்.